அழுத முகம்

கல்லறைத் திருநாள் சாயங்காலம், மணி ஆறாக நாலே நிமிஷம் இருந்தது. கல்லறைத் தோட்டத்து வாசல் கேமரா, பிலோமினாவின் முகத்தை ஐந்தாவது முறையாகப் பார்த்துவிட்டு, "பதிவோடு பொருந்தவில்லை" என்றது.

மகன் ரோஷனை அடக்கம் செய்த அன்று, 'நிரந்தர உரிமை' என்ற வார்த்தையை நம்பி, படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தாள். முகத்தைப் பதிவு செய்தவர் வருஷாவருஷம் இதே நாளில் உள்ளே வந்தால்தான் அது நிரந்தரம். ஒரு வருஷம் தவறினாலும் குழி அடுத்தவருக்குப் போய்விடும்.

அன்று பதிவானது அழுது வீங்கிய முகம். பத்து வருஷமும் அழுதுகொண்டே வந்தாள், கதவும் திறந்தது. இந்த வருஷம் அழுகை வரவில்லை. கண்ணைக் கசக்கினாள், கன்னத்தில் அறைந்துகொண்டாள். சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அக்கா, ஆறு மணியாச்சுன்னா அதுவா பூட்டிக்கிடும். நா என்ன செய்ய?" என்றார் காவலாளி.

அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, உனக்குப் புண்ணியமாப் போவும். எம் மவன் என்னய 'யம்மோவ்'னுதான் கூப்பிடுவான். அதே மாதிரி ஒரு தடவ கூப்பிடுதியா?"

அவர் அங்குமிங்கும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யம்மோவ்..."

கதவு திறந்தது.