கரியில் ஒரு முகம்

“இண்டைக்கு ஏழாவது நாள் மாஸ்டர். பின்னேரம் நாலு மணியோட ஃபைலை மூடச் சொல்லிட்டாங்க. ஒத்தரும் வரல்ல. இனி அந்தப் பொம்பளைக்கு நம்பர்தான், பேரில்ல.”

சார்ஜன் பளீல் இப்படிச் சொன்னதும் மயில்வாகனம் சுவரில் மாட்டியிருந்த கரிப் படத்தை நிமிர்ந்து பார்த்தார். கடையைப் பூட்டிக்கொண்டு தினமும் பொலிஸ் நிலையத்துக்கு வந்து விசாரிப்பது இந்த ஒரு வாரமாக அவருக்கு வழக்கமாகிவிட்டது.

கண்டியில் பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர் அவர். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் ஆண்டு. போன வாரத்து வைகாசி மழையில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆற்றோரம் ஒரு பெண் செத்து ஒதுங்கினாள். “பிணத்தைப் போட்டோ பிடிச்சு வாசலில மாட்டினா சனம் கிட்ட வராது. உசிரோட இருக்கிற மாதிரி வரைஞ்சு தாங்க” என்று பளீல்தான் அவரைக் கூட்டிப்போனார்.

பிரேத அறையில் ஒரு மணி நேரம் நின்றே கரியால் வரைந்தார். முதலில் முகத்தின் வெளிக்கோடு. பிறகு மூக்கும் வாயும். பிறகு கன்னத்து நிழல். மூடியிருந்த கண்களைத் தாளில் திறந்துவைத்தார். சவர்க்கார விளம்பரங்களுக்குப் பெண் முகம் வரைந்து பழகிய கை அது. முப்பது வயதுகூட இருக்காது, பாவி மகள் இப்படிக் கிடக்கிறாளே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாளே மஹய்யாவ மயானத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். குழிமேல் ஒரு குச்சி, குச்சியில் ஒரு இலக்கம். அன்றே மயில்வாகனம் ஒரு பலகைக்கு வெள்ளை அடித்துக் காயவைத்தார். பெயர் தெரிந்தால் தன் கையாலேயே எழுதி நட்டுவிட வேண்டும். பலகை காய்ந்து கிடக்கிறது, எழுதத்தான் பெயர் இல்லை.

“ஐயா...”

வாசலில் ஒருவன் நின்றான். கசங்கிய வேட்டி, நாள்கணக்கில் மழிக்காத முகம்.

“கம்பளையிலேருந்து வர்றேங்க. பேரு வீரய்யா. என் சம்சாரம் கமலத்தை ஒம்பது நாளாக் காணோம்.”

“இவ்வளவு நாளா எங்க போனாய்?” என்றார் பளீல்.

“அவ அக்கா தோட்டம், சித்தப்பா தோட்டமுன்னு தேடிக்கிட்டே திரிஞ்சேங்க. கோவிச்சுக்கிட்டுப் போற ஆளு இல்லீங்க அவ. கட்டிப் பதினோரு வருஷம், எங்க வீட்டுல ஒரு சண்டை கெடையாது. நான் சொன்னாச் சொன்னதுதான், எதிர்த்து ஒரு பேச்சு வராது. தங்கமான பொம்பளைன்னு லயத்துச் சனமே சொல்லும்.”

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. மயில்வாகனத்துக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“அடையாளம் ஏதும் இருக்கா?” என்று கேட்டார் பளீல்.

“நாடியில ஒரு மச்சமுங்க. எடது காது கிழிஞ்சிருக்கும். வலப்பக்கம் மூக்குத்தி.”

மயில்வாகனத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றையும் அவர் கையே வரைந்திருந்தது. பளீல் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

வீரய்யா குனிந்து பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பிறகு பெரிதாக மூச்சு விட்டான்.

“இல்லீங்க. இது அவ இல்ல.”

“வடிவாப் பாருங்கோ தம்பி” என்றார் மயில்வாகனம். “மச்சம் இருக்குதே?”

“இருக்குங்க.”

“காது?”

“அதுவும் அப்படியேதாங்க. மூக்குத்தியும் சரிதான். ஆனா இது அவ மூஞ்சி இல்லீங்க. கூடப்பொறந்தவன்னு சொன்னா நம்பலாம். மாரியாத்தா காப்பாத்திட்டா! கமலம் எங்கயோ உசிரோட இருக்காங்க.”

கும்பிட்டுவிட்டு அவன் படியிறங்கினான். வந்தபோது இருந்த தள்ளாட்டம் இப்போது இல்லை.

மயில்வாகனம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கே பிழை? கோடு பிழையில்லை, கட்டைவிரலால் அளந்து போட்ட கோடு. நிழலும் பிழையில்லை. கண்ட எல்லாவற்றையும் கண்டபடிதான் வரைந்தார். காணாத எதையாவது...

அவர் சட்டென்று மேசைப் பக்கம் திரும்பினார். அங்கே பளீல் பாதி தின்றுவைத்த பாண் துண்டு கிடந்தது.

“சார்ஜன், அந்தப் பாண் துண்டை ஒருக்காத் தாங்கோ.”

“என்ன மாஸ்டர், பசியா?”

பாணின் மெத்தென்ற நடுப்பகுதியைக் கிள்ளி உருட்டி, படத்தில் இரண்டே இடங்களில், அரிசியளவு, ஒற்றியெடுத்தார். கரி பாணோடு வந்துவிட்டது. வேறு எதையும் அவர் தொடவில்லை.

“தம்பி, கொஞ்சம் பொறுங்கோ! இன்னொருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ!”

தெருவுக்கே போய்விட்ட வீரய்யா திரும்பி வந்தான். இந்தமுறை அவன் குனியக்கூட இல்லை.

“ஐயோ, கமலம்!”

மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பலகைக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மயில்வாகனத்துக்கோ, கையிலிருந்த பாணைக் கீழே போடவும் தோன்றவில்லை.

பளீலுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னப்பா இது? அதே படம், அதே மச்சம். இப்பதானே இல்லண்டு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாய்?”

வீரய்யா நிமிர்ந்தான்.

“அப்ப பார்த்த பொம்பள சிரிச்சுக்கிட்டு இருந்தாங்களே ஐயா” என்றான் விம்மலுக்கு நடுவே. “கமலம் சிரிச்சு நான் ஒருநாளும் பார்த்ததில்லீங்களே!”