ஐம்பது மணி நேரக் கணக்கு

"ஸ்டாண்ட்பைல போட்டு வைக்காதே, கரெண்ட் வீணாப் போகுது. ஷட் டவுன் பண்ணிடு," என்றான் அண்ணன்.

"பண்ணிட்டேண்ணா."

திரை இருண்டுதான் இருந்தது. ஆனாலும் தினமும் மாலையில் செய்வதுபோல் பிளக்கைப் பிடுங்கினான். தங்கையின் ஆராய்ச்சிக் கணக்கு கம்ப்யூட்டரில் ஐம்பது மணி நேரம் ஓட வேண்டும். நடுவில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடிவை அனுப்பினால்தான் வெளியூர் ஆய்வகத்தில் இடம். அவள் போவதில் அவனுக்கு இஷ்டமில்லை.

ஒரு வாரம் கழித்துக் கேட்டான்: "என்ன விஞ்ஞானி, இன்னிக்கும் முதல்லேர்ந்தா?"

"நேத்தே முடிச்சு அனுப்பிட்டேன். இன்னிக்குப் பதிலும் வந்துடுச்சு."

"தினமும் பிளக்கைப் பிடுங்கினேனே?"

"நான் ஒருநாள்கூட ஷட் டவுன் பண்ணலைண்ணா, ஹைபர்னேட்ல போட்டேன். செஞ்ச வரைக்கும் டிஸ்க்குல சேமிச்சுடும்; பிளக்கைப் பிடுங்கினாலும் மறுபடி போட்டா விட்ட இடத்துலேர்ந்து ஓடும். திங்கட்கிழமை வேலையில சேரறேன். உங்ககிட்ட கேக்கல, சொல்றேன்."