படி இல்லாத மாடி

"கண்ண மூடி நல்லா வேண்டிக்கோ, கதோனி. இந்த டெண்டர் கிடைச்சா உன் வேலை நிரந்தரம்" என்றார் முதலாளி கியாரி, மண்டாஸிப் பணியாரத்தைத் தேநீரில் தோய்த்தபடி.

கதோனி வேண்டிக்கொண்டுதான் இருந்தாள். கிடைக்கக் கூடாது என்று.

கென்யாவின் நகுருவில் ஊரெல்லாம் ஹரம்பே என்ற நன்கொடைக் கூட்டம் வைத்து வசூலித்த பணத்தில், தேவாலயக் கமிட்டி மாடியோடு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டப்போகிறது. கமிட்டி கொடுத்தது வரைபடம் மட்டும்தான். கல், சிமெண்ட், கம்பி எல்லாவற்றையும் ஒவ்வொரு காண்டிராக்டரும் தானே அளந்து, விலை போட்டு, ஒட்டிய கவரில் தர வேண்டும். ஐந்து கவராவது சேர்ந்தால்தான் பிரிப்பது என்பது விதி. சரியாக ஐந்து வந்திருந்தன.

கியாரிக்காகக் கணினியில் அளந்தவள் கதோனி. மாலை வகுப்பில் அந்த மென்பொருளைப் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவள் தனியாகப் போட்ட முதல் எஸ்டிமேட் இது.

மாடித் தளத்தை அளக்கும்போது படியின் கோடுகள் குறுக்கே விழுந்து தொந்தரவு செய்தன. அதனால் படி வரைந்த அடுக்கை மட்டும் திரையில் மறைத்து வைத்தாள். திரும்பத் திறக்க மறந்துபோனாள். கண்ணுக்குத் தெரியாததை மென்பொருளும் எண்ணவில்லை. மூன்று முறை சரிபார்த்தாள். மூன்று முறையும் கூட்டல் சரியாகவே வந்தது.

இன்று காலைதான் அவளுக்கு உறைத்தது. கவர் பிரிக்கும் கூட்டம் நடக்கும் இந்தக் கூடம் மாடியில் இருந்தது. ஏறி வரும்போது ஏழாவது படியில் கால் அப்படியே நின்றுவிட்டது.

இனியும் சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றியது.

"பாஸ், நம்ம எஸ்டிமேட்ல மாடிப்படிய விட்டுட்டேன்."

ஊறிய மண்டாஸி பிய்ந்து தேநீரில் விழுந்தது. "எத்தன படி?"

"மொத்தப் படியும், பாஸ்."

கியாரி முகத்தில் ஈயாடவில்லை. "வாயத் தொறக்காத. யாருகிட்டயும் சொல்லாத. புரியுதா?"

கமிட்டித் தலைவி நியாகியோ அம்மா சந்தையில் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரி. மூட்டை பிரிக்கிற வேகத்தில் கவர்களைப் பிரித்து விலைகளைப் படித்தார். கியாரி, இரண்டு கோடியே எண்பத்தாறு லட்சம் ஷில்லிங். அடுத்தவர் எண்பத்தொன்பது. பிறகு தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றைந்து.

கதோனி நோட்டில் குறித்துக்கொண்டாள். படிக்கு மட்டும் குறைந்தது பத்து லட்சம் ஆகும். அதையும் சேர்த்தால் ஐவரில் அவள் விலைதான் அதிகம். படியும் கட்டி இவ்வளவு குறைவாக மற்ற நால்வராலும் எப்படி முடிகிறது? அப்படியானால் தான் போட்ட மற்ற விலைகளும் தப்போ? எந்தத் தைரியத்தில் இந்த வேலைக்கு வந்தோம் என்று கூசியது.

"ஆக, கியாரிதான் கம்மி. என்ன, முடிச்சிரலாமா?" என்றார் நியாகியோ அம்மா. கூடம் கைதட்டியது. கியாரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

கதோனியும் எழுந்தாள். கியாரி அவள் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு, பொண்ணு!"

"எங்க கவர நீக்கிடுங்க, அம்மா" என்றாள் கதோனி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். "தப்பு என்னோடது. மாடிப்படிய நான் கணக்குல சேக்கல."

கூடமே வெடித்துச் சிரித்தது.

"புள்ளத்தாச்சிய கயிறு கட்டி தூக்குவீங்களோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"அவங்களுக்கெல்லாம் றெக்க முளைக்க மாத்திரை குடுப்பாங்கய்யா!" என்றார் இன்னொருவர்.

கதோனிக்குக் காது மடல் எரிந்தது. வேலை போனது நிச்சயம். மாலை வகுப்பில் போய் எந்த முகத்தோடு உட்காருவது? முன்வரிசையில் இருந்த மற்ற நான்கு காண்டிராக்டர்கள் மட்டும் சிரிக்கவில்லை. தன்மேல் இரக்கப்படுகிறார்கள் என்று நினைத்தாள். சிரிப்பைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

நியாகியோ அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எந்தப் பக்கத்துல வரணும், கண்ணு?"

"பதினாலாம் பக்கம். தளத்துக்குக் கீழ."

அவர் கியாரியின் எஸ்டிமேட் கட்டைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "நெசந்தான், காணோம். சரி, மத்தவங்க இதுக்கு எவ்வளவு போட்டிருக்காங்கன்னு பாப்போம்."

இரண்டாவது கட்டை எடுத்தார். விரலை நாக்கில் தொட்டுப் புரட்டினார். மூன்றாவதை எடுத்தபோது அவர் வேகம் குறைந்தது; கியாரியின் கட்டைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டார். நான்காவதைப் புரட்டும்போது முன்வரிசையில் ஒருவர் கைபேசியைக் காதில் வைத்தபடி கதவைப் பார்த்து நடந்தார். ஐந்தாவதையும் மூடி, ஐந்து கட்டுகளையும் ஒன்றாக அடுக்கிக் கியாரி பக்கம் தள்ளினார்.

கதோனி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். "நான் போறேம்மா."

"நீ எதுக்கும்மா போற?" என்றார் நியாகியோ அம்மா, கியாரி மேலிருந்து கண்ணை எடுக்காமல். "அஞ்சு கவர்லயும் படி இல்ல."