குட்டையில் தெரிந்த குதிரை

ஒரு கம்ப்யூட்டர் கேமுக்குள்ளே ஒரு குதிரையும், பக்கத்திலேயே ஒரு மழைத்தண்ணிக் குட்டையும் குடியிருந்தன. ஒருநாள் கேம் விளையாடுகிற ரோஸ்லின், 'ரே ட்ரேசிங்' என்கிறதைப் போட்டுவிட்டாள். வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்குப் போட்டு, தண்ணியில் உருவத்தை அப்படியே காட்டுகிற வித்தை அது.

குதிரை ஆசையாய்க் குனிந்து பார்த்தது. மூஞ்சி முழுக்க ரவை கொட்டின மாதிரி வெள்ளைப் புள்ளி! வாலைக் காணவே காணோம்.

"ஏய் குட்டை, என் அழகை என்னடி பண்ணிவெச்சிருக்கே?"

"நான் என்ன பண்ணட்டும் அண்ணே? வர்ற வெளிச்சத்தைத்தானே காட்டுறேன்."

"இரு, அந்த வித்தையையே அணைக்க வெக்கிறேன்!" குதிரை ஓட மாட்டேன் என்று நின்றுவிட்டது.

குட்டை பயந்துபோனது. அணைத்துவிட்டால் அது வெறும் சாம்பல் திட்டு. ஒரு கொக்குகூட எட்டிப் பார்க்காது.

குதிரை நகராததைப் பார்த்து ரோஸ்லின் ரே ட்ரேசிங்கை அணைக்கத்தான் போனாள். எதற்கும் பார்ப்போமே என்று திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டுக்குப் புது 'டிரைவர்', அதாவது அதை ஓட்டுகிற மென்பொருள், போட்டாள். புள்ளியெல்லாம் போச்சு, வாலும் வந்தாச்சு.

"இப்பப் பாருங்கண்ணே!" குட்டை பளபளத்தது.

குதிரை பார்த்தது. உதட்டுக்குள் அடங்காத பல்லு, சப்பை மூக்கு, காதில் தொங்கும் வைக்கோல். கண்ணை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தது.

அப்புறம் மெதுவாய்ச் சொன்னது: "இந்தப் புது டிரைவர்ல ஏதோ கோளாறும்மா. பழசையே போடச் சொல்லு."