பூர்ணிமாவுக்கு வைத்திருந்த ஆயிரம் ரூபாய் நோட்டுகள்

டாக்குரியா வீட்டைக் காலி செய்தபோது, மனைவி சகுந்தலாவின் பட்டுப்புடவை மடிப்பிலிருந்து செல்லாத ஆயிரம் ரூபாய் நோட்டுகள் விழுந்ததைப் பார்த்துத் தண்டபாணி திகைத்தார்.

"எனக்குத் தெரியாம யாருக்குச் சேர்த்தே?"

"நம்ம பொண்ணு பூர்ணிமாவுக்குத்தாங்க. பெங்காலிப் பையனைக் கட்டிக்கிட்டான்னு உங்களோட சேர்ந்து நானும் திட்டினேன். ஆனா மனசு கேக்கலை. பிரசவத்துக்குக் கொடுக்க வச்சிருந்தேன்."

"அப்பவே பேங்க்ல மாத்தியிருக்கலாமே?"

"உங்களுக்குத் தெரிஞ்சுடுமேன்னு பயந்தேங்க."

தண்டபாணி தன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து அவள் மடியில் வைத்தார். அதிலும் பழைய ஆயிரம் ரூபாய் நோட்டுகள்.

"நானும் அவளுக்குத்தான் வச்சிருந்தேன், சகுந்தலா. 'அவ பேச்சையே எடுக்காதீங்க'ன்னு நீ சொன்னியே, அதான் பயந்துட்டேன்."

அதே நகரத்தில், டாலிகஞ்சில், பூர்ணிமாவின் மகன் இப்போது நாலாம் வகுப்புப் படிக்கிறான். இருவரும் அவனை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.