வெள்ளைத் தங்க மோதிரம்

சோனியாவின் மேக்கப் பெட்டியை மாப்பிள்ளையின் அம்மா ஜெயலக்ஷ்மி கட்டிலில் கவிழ்த்தாள். லிப்ஸ்டிக், சீப்பு, ஹேர்பின் எல்லாம் சிதறின. மோதிரம் மட்டும் இல்லை.

"காலையிலேர்ந்து இந்த ரூமுக்குள்ள வந்த வெளி ஆள் நீ ஒருத்திதான். மரியாதையா சொல்லிடு!"

"சத்தியமா நான் எடுக்கல மேடம். கண்ணால கூடப் பாக்கல."

நீலசந்திராவில் ஒரு பார்லரில் சோனியா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்யத் தனியாக வந்த முதல் கல்யாணம் இது. திருடி என்ற பெயரோடு திரும்பினால் இனி பெங்களூரில் எந்தப் பெண்ணின் தலையைத் தொட விடுவார்கள்?

கீழே மண்டபத்தில் ரிசப்ஷனுக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கேசவ் இன்னும் அரை மணியில் மேடையில் மணப்பெண்ணுக்குப் போட வேண்டிய மோதிரம். காலையில் முகூர்த்தத் தட்டில் வைத்ததோடு சரி, தட்டு இந்த அறைக்குத் திரும்பிய பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா வெங்கடசுப்ரமணியன் வாசலில் நின்று பொரிந்து தள்ளினார். "விவசாய இலாகாவுல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன் நான். எனக்குத் தெரிஞ்ச வெள்ளைத் தங்கம் பருத்திதான்! இந்தக் கேசவ் என்னடான்னா வெள்ளி மாதிரி ஒண்ணைக் காட்டி வெள்ளைத் தங்கம், பொட்டு வைரம்னான். இப்ப அதுவும் போச்சு. ஸ்டேஷனுக்கு போன் போட்டாச்சு, வந்துடுவா!"

சோனியாவின் பையைப் பார்த்தார்கள், துப்பட்டாவை உதறினார்கள், செருப்பைக்கூட விடவில்லை. அவள் அழுதுகொண்டே சிதறியதையெல்லாம் பெட்டிக்குள் அள்ளிப் போட்டாள்.

"பாவம், விடுங்கோம்மா. அவ எடுத்திருக்க மாட்டா" என்றாள் மணப்பெண் நிருபமா. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொல்லிக்கொண்டே எழுந்தவள் "ஸ்ஸ்" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"சோனியா, இந்த மெட்டி காலையிலேர்ந்து கடிக்கறது. ஹோமப் புகையில கண்ணைக் கசக்கிண்டே அவர் தட்டுலேர்ந்து எடுத்து அழுத்தி மாட்டிட்டார். கழட்டக் கூடாதாம். கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருப்பி விடறியா?"

வெளியே போலீஸ் ஜீப் வந்து நின்றது. மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் ஏறியது.

சோனியா தரையில் உட்கார்ந்து, வீங்கிய விரலில் எண்ணெய் தடவி, மெட்டியை மெல்லத் திருப்பினாள். அடியில் இருந்த பக்கம் மேலே வந்தது.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு ஜெயலக்ஷ்மியை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம், உங்க வழக்கத்துல மெட்டிக்கும் வைரம் வைப்பீங்களா?"