எழும்பாத சர்வர்

திரையில் மறுபடியும் சிவப்பெழுத்தில் 'ஃபெயில்டு' என்று வந்து நின்றது. சத்தியராஜ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அதே கட்டளையைத் திரும்பவும் தட்டினான். மெயில் சர்வர் எழும்புவதாக இல்லை.

"என்னலே, இன்னும் சரியாகல்லியா?" என்று கேட்டபடி முதலாளி சுயம்பு உள்ளே வந்தார்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் அண்ணாச்சி. என்ன கோளாறுன்னே பிடிபடல்ல."

"வேற வழியில போட்டோவ அனுப்ப முடியாதா?"

"கம்பெனி ஐடியில இருந்து போனாத்தான் சிங்கப்பூர்க்காரங்க திறப்பாங்க."

மயிலாடிக் கல்சிற்பப் பட்டறையில், சிங்கப்பூர்க் கோயில் ஒன்றுக்காகச் செய்த சரஸ்வதி சிலையின் போட்டோ அது. சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அவர்கள் சரி என்றால் நாளைக்கே சிலை தூத்துக்குடிக்கு லாரி ஏறிவிடும்.

கோளாறு பிடிபடவில்லை என்றது பச்சைப் பொய். காலையில் சர்வரின் ஒரு ஃபைலுக்குப் பெயரை மாற்றி அதைப் படுக்க வைத்தவனே சத்தியராஜ்தான். உண்மையான கோளாறு அவன் சட்டைப் பையில் கிடந்தது. சரஸ்வதியின் சுண்டுவிரல்.

"தள்ளி நின்னு எடு மக்கா, சிலையில கைய வைக்காத" என்று அண்ணாச்சி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டானா? படம் அழகாக இருக்கட்டுமே என்று வீணை பிடித்த கையில் பிச்சிப்பூ மாலையைச் சுற்றினான். எடுத்து முடித்து மாலையை உருவியபோது விரலும் கூடவே வந்துவிட்டது. சிலையைத் துணி போட்டு மூடிவிட்டு ஓடி வந்துவிட்டான்.

பின்னமான சிலை பூஜைக்கு ஆகாது. அதை நல்ல சிலை என்று படம் அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

"செரி, நீ பாத்துக்கிட்டே இரி" என்றார் சுயம்பு. "கிருஷ்ணமணி ஆசாரிய வரச் சொல்லி, சிலைய பெட்டியில அடைக்கச் சொல்லுகேன்."

சத்தியராஜின் கை கீபோர்டிலேயே நின்றது. மாசக்கணக்கில் விரதமிருந்து அந்தச் சிலையைச் செதுக்கிய மனுஷன் ஆசாரி. விரலைக் காணோம் என்றால் பழி அவர் தலையில்தான் விழும். காலையில்கூட, "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

தாங்க முடியவில்லை. எழுந்து விரலை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அண்ணாச்சி, ஆசாரிய ஒண்ணும் சொல்லாதீங்க. மாலைய எடுக்கும்போது எங்கையாலதான் உடஞ்சு போச்சு. சர்வரையும் நாந்தான் நிப்பாட்டுனேன்." சொன்னவன் அழுதுவிட்டான்.

சுயம்பு கத்தவில்லை. விரலைப் பார்த்தார். வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார்.

"மெதுவா பேசுலே. அது நீ உடைச்சதில்ல, நேத்து நான் ஒட்டி வச்சது."